காகிதத்தை மடிப்போம், கருத்தை விரிப்போம்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, வீட்டில் செய்து பார்ப்பதற்கான செய்முறையையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



பரிசு மேசையைச் சற்றுப் பாருங்கள். கோப்பைகளும் புத்தகங்களும் அடுக்கி வைத்திருக்கிறோம். அவற்றுக்கு முன்னால் சிவப்பும் பச்சையும் பூப்போட்டதுமாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை எந்தக் கடையில் வாங்கியவை என்று காலையிலிருந்து பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். கடையில் வாங்கவில்லை. பசை கிடையாது; ஊசி கிடையாது; நூல் கிடையாது. நம் பிள்ளைகள் பழைய நாள்காட்டித் தாளையும், தீபாவளிக்கு வந்த பரிசுப் பொருள்களைச் சுற்றியிருந்த தாளையும் மடித்துச் செய்தவை. ஒவ்வொரு பெட்டியும் ஆறு தாள்களால் ஆனது. உள்ளே ஒரு மிட்டாய் இருக்கிறது. பரிசு வாங்குகிற பிள்ளைக்கும் ஒரு பெட்டி உண்டு; வாங்காத பிள்ளைக்கும் ஒரு பெட்டி உண்டு.

“படிப்பைப் பற்றிப் பேசாமல் பெட்டியைப் பற்றிப் பேசுறாங்களே இந்த டீச்சர்” என்று நினைக்காதீர்கள். பெட்டியைப் பற்றிப் பேசிவிட்டு, உங்களிடம் நான் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்பதற்கு முன் இந்தப் பெட்டியை உங்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

மடிப்புக் கலையின் வரலாறு

காகிதம் சீன நாட்டில் பிறந்தது. கி.பி. 105இல் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி காகிதம் செய்யும் முறையைச் சீராக்கி அரசரிடம் அறிவித்தார் என்பது சீனர் எழுதி வைத்த வரலாறு. கி.பி. 610 வாக்கில் அது கொரியா வழியாக ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜப்பானியர் அதில் எழுதியதோடு நிற்காமல் மடிக்கவும் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் ‘ஓரி’ என்றால் மடித்தல். ‘காமி’ என்றால் காகிதம். இரண்டும் சேர்ந்து ‘ஓரிகாமி’ ஆயிற்று.

ஒரே தாளை மடித்துக் கொக்கு செய்வது, தவளை செய்வது ஒரு வகை. பல தாள்களை ஒரே மாதிரி மடித்து, ஒன்றை இன்னொன்றில் செருகி உருவம் செய்வது வேறொரு வகை. நம் பிள்ளைகள் செய்தது இந்த இரண்டாம் வகை. இதுவும் பழைய கலைதான். 1734இல் ஜப்பானில் வெளிவந்த ‘ரன்மா சூஷிகி’ என்னும் படப் புத்தகத்தில், பல தாள்களால் செய்த கனசதுரப் பெட்டி ஒன்றின் படம் இருக்கிறது. அதற்குத் ‘தமதேபாக்கோ’, அதாவது மாயப் பெட்டகம், என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே நாங்கள் செய்திருப்பது அதன் தம்பி. 1968இல் ஜப்பானிய மடிப்புக் கலைஞர் குழு ஒன்றின் இதழில், மிட்சுனோபு சோனோபே என்பவர் பெயரில் ஒரு கனசதுரம் வெளிவந்தது. அதில் வரும் மடிப்புத் துண்டுக்குச் ‘சோனோபே அங்கம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆறு அங்கம் சேர்ந்தால் கனசதுரம். அதே அங்கம் பன்னிரண்டு சேர்ந்தால் எட்டு கூம்பு நீட்டிய நட்சத்திரம். முப்பது சேர்ந்தால் இருபது கூம்பு நீட்டிய பந்து. மடிப்பு ஒன்றுதான், எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதைப் பொறுத்து உருவம் மாறுகிறது.

பெட்டி என்று சொன்னால் ஓர் அம்மையாரின் பெயரையும் சொல்ல வேண்டும். தொமோகோ ஃபூசே, 1951இல் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக மருத்துவமனையில் இருந்தபோது காகிதம் மடிக்கக் கற்றுக்கொண்டவர். பின்னாளில், பல அங்கங்களால் பெட்டி செய்யும் கலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். நான்கு மூலைப் பெட்டி, ஆறு மூலைப் பெட்டி, எட்டு மூலைப் பெட்டி என்று அவர் செய்த பெட்டிகளின் மூடியில் பூவும் சக்கரமும் தாமாகவே மலர்ந்திருக்கும். யாரும் வரைந்தவை அல்ல. பூப்போட்ட தாளை மடிக்கிற விதத்தில் அந்தக் கோலம் வந்து விழுகிறது.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு

“இது ஜப்பான்காரன் கலை, நமக்கு எதுக்கு?” என்று கேட்பீர்கள். கலியாண வீட்டில் தென்னங்குருத்தைக் கிழித்து, மடித்து, கிளியும் பூவுமாகத் தோரணம் கட்டுகிறோமே, அது என்ன? பனையோலையில் பெட்டியும் கிலுகிலுப்பையும் முடைந்தார்களே நம் முன்னோர், அது என்ன? நம் மலாய் அண்டை வீட்டார் பெருநாளுக்குத் தென்னை ஓலையில் ‘கெத்துப்பாட்’ பின்னுகிறார்களே, அது என்ன? ஓலை இருந்த இடத்தில் காகிதம் வந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. 1893ஆம் ஆண்டு சென்னையில் ஒரு புத்தகம் அச்சானது. எழுதியவர் டி. சுந்தர ராவ். காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிப்பது எப்படி என்பதுதான் அந்த ஆங்கில நூல். ஜெர்மனியில் பாலர் கல்விக்கு வழிகாட்டிய பிரெடெரிக் புரோபெல் என்பவர், சிறு பிள்ளைகளுக்குக் காகிதம் மடிக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சென்றவர். அந்த முறையைப் பார்த்துத்தான் சுந்தர ராவுக்கு எண்ணம் பிறந்தது. காம்பஸ் இல்லாமல், ஒரு தாளை மடித்தே சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் எல்லாம் செய்து காட்டினார். பெலிக்ஸ் கிளைன் என்னும் ஜெர்மானியக் கணித மேதை தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அது மறுபடி அச்சிடப்பட்டது. சென்னையில் ஒருவர் தாளை மடித்தார். அதைச் சிக்காகோவில் எடுத்துப் படித்தார்கள். ஆகவே காகிதம் மடிப்பதை வெறும் விளையாட்டு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

என்ன தாள், எப்படி வெட்டுவது?

இனிச் செய்முறைக்கு வருவோம். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

ஏ4 அளவுள்ள ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 29.7 செ.மீ., அகலம் 21 செ.மீ. நீளத்தை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 9.9 செ.மீ. அகலத்தில் இரண்டு 9.9 போக ஓரத்தில் ஒரு சிறு நறுக்கு மிஞ்சும். ஆக, ஒரே தாளில் 9.9 செ.மீ. சதுரங்கள் ஆறு கிடைக்கின்றன. ஒரு தாள், ஒரு பெட்டி. கணக்கு சரியாகப் போய்விடுகிறது.

தாள் மிகவும் தடிப்பாக இருந்தால் மடிப்பு வெடிக்கும். மிகவும் மெலிதாக இருந்தால் பெட்டி தொய்யும். பள்ளிப் பயிற்சிப் புத்தகத் தாளின் கனம் போதும். பூப்போட்ட தாளாக இருந்தால் பூ சின்னதாக இருக்கட்டும். பெரிய பூ மடிப்பில் அறுபட்டு, பாதி இதழ் இந்தப் பக்கம், பாதி இதழ் அந்தப் பக்கம் என்று நிற்கும். கோடு போட்ட தாளென்றால், ஆறு தாளிலும் கோடு ஒரே திசையில் வரும்படி வைத்து மடியுங்கள். அப்போதுதான் பெட்டியில் கோடுகள் சக்கரம் போலச் சுற்றி வரும்.

ஒரு பாட்டி எங்களைக் கடிந்துகொண்டார்: “சாமி படம் போட்ட கேலண்டரை வெட்டாதீங்க புள்ளைங்களா!” அவர் சொன்னது சரி. சாமி படத்தைத் தொடவே இல்லை. மலையும் அருவியும் போட்ட தாள்களைத்தான் வெட்டினோம்.

ஓர் அங்கம் மடிக்கும் முறை

1. பூப்போட்ட பக்கம் மேசையைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் உங்களைப் பார்க்கச் சதுரத்தை வையுங்கள். கீழ் விளிம்பை மேல் விளிம்போடு சேர்த்துப் பாதியாக மடித்து, நகத்தால் தேய்த்துப் பிரியுங்கள். நடுவில் ஒரு படுக்கைக் கோடு விழும்.

2. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்துப் பிரியுங்கள். இப்போது தாளில் மூன்று கோடுகள், நான்கு சமப் பட்டைகள்.

3. இடது கீழ் மூலையைச் சிறு முக்கோணமாக உள்ளே மடியுங்கள். இடது விளிம்பின் கடைசிப் பகுதி, கீழிருந்து முதல் கோட்டின்மேல் படிய வேண்டும். அதேபோல் வலது மேல் மூலையை மேலிருந்து முதல் கோட்டின்மேல் படியும்படி மடியுங்கள். மற்ற இரண்டு மூலைகளையும் தொடாதீர்கள்.

4. மேல் பட்டையையும் கீழ் பட்டையையும் மறுபடி நடுக்கோட்டுக்கு மடியுங்கள். சன்னலின் இரண்டு கதவுகளையும் சாத்துவது போல. நீளமான ஒரு பட்டை கிடைக்கும்.

5. அந்தப் பட்டையின் இடது மேல் மூலை கீழ் விளிம்பில் படும்படி சாய்வாக மடியுங்கள். வலது கீழ் மூலை மேல் விளிம்பில் படும்படி மடியுங்கள். இரண்டு சாய்வும் 45 பாகை. இப்போது உங்கள் கையில் இருப்பது ஓர் இணைகரம்.

6. இடப்பக்கம் மடித்த மூலையைக் கீழ்க் கதவுக்குள் செருகுங்கள். வலப்பக்கம் மடித்த மூலையை மேல் கதவுக்குள் செருகுங்கள். அங்கம் இனிப் பிரிந்துபோகாது.

7. திருப்பிப் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் கூர்முனை இருக்கும். ஒவ்வொரு கூர்முனையையும், அதன் நீண்ட பக்கத்தின் மறுகோடியில் இருக்கும் மழுங்கிய மூலையோடு சேர்த்து மடியுங்கள். நடுவில் ஒரு சதுரம் மட்டும் நிற்கும். பிறகு இரண்டு முனையையும் பாதி விரித்து விடுங்கள். இந்த இரண்டு முனைகள்தான் ‘நாக்கு’. மறுபுறம் கதவுகளின் அடியில் இருக்கும் இரண்டு இடுக்குகள் ‘பை’.

இதே மாதிரி ஆறு. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். முதல் அங்கத்தில் எந்த மூலைகளை மடித்தீர்களோ, ஆறிலும் அதே மூலைகள். ஒன்றை மட்டும் இடவலம் மாற்றி மடித்துவிட்டால், அது பார்வைக்கு அழகாகவே இருக்கும்; ஆனால் மற்ற ஐந்தோடும் சேராது. கண்ணாடியில் தெரியும் கைபோல எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும்.

பூட்டும் முறை

பைகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். முதல் அங்கத்தின் நாக்கை இரண்டாம் அங்கத்தின் பைக்குள் செருகுங்கள். இரண்டாவதன் நாக்கை மூன்றாவதன் பைக்குள். மூன்றாவதன் நாக்கை முதலாவதன் பைக்குள். மூன்றும் கூடும் இடத்தில் பெட்டியின் ஒரு முனை பிறக்கும். அதிலிருந்து மற்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டே போங்கள். எந்த நாக்கும் பெட்டிக்குள் ஒளியக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு பைக்குள் போயே ஆக வேண்டும். ஐந்து சேர்ந்ததும் உள்ளே மிட்டாயையோ, ஒரு வாழ்த்துச் சீட்டையோ போட்டு, ஆறாவதால் மூடுங்கள்.

மூன்று நிறத்தில் தாள் எடுத்து, நிறத்துக்கு இரண்டாக மடித்து, ஒரே நிறம் எதிரெதிரே வரும்படி பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சொந்த நிறத்தோடு பக்கத்து வீட்டு நிறமும் கலந்து நிற்கும். நம் லயத்து வீடுகள் மாதிரி என்று ஒரு மாணவி சொன்னாள்.

மூடி போட்ட பெட்டி வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. மூடி ஒன்று, அடிப்பெட்டி ஒன்று, இரண்டையும் ஒரே முறையில் மடித்துவிட்டு, அடிப்பெட்டியின் தாளை மட்டும் சில மில்லிமீட்டர் சிறியதாக வெட்டிக்கொள்ள வேண்டும். அப்போது மூடி இறுகாமலும் தளராமலும் உட்காரும். சிறு பிள்ளைகளுக்கு ஒரே தாளில் செய்யும் ‘மாசு’ பெட்டி ஏற்றது. மாசு என்பது ஜப்பானியர் அரிசி அளந்த மரப்பெட்டி. நம் வீட்டில் படியும் உழக்கும் இருந்தது போல, இந்நாட்டில் காந்தாங்கும் சுப்பாக்கும் இருந்தது போல.

பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

மாணவச் செல்வங்களே, இது உங்களுக்கு. கனசதுரத்துக்கு மேற்பரப்பு எத்தனை? ஆறு. முனை எத்தனை? எட்டு. விளிம்பு எத்தனை? பன்னிரண்டு. இதை மனப்பாடம் செய்து, சோதனையில் எட்டையும் பன்னிரண்டையும் மாற்றி எழுதிவிடுவீர்கள். பெட்டி செய்தவர்கள் மாற்றி எழுத மாட்டார்கள். ஓர் அங்கத்துக்கு இரண்டு நாக்கு. ஆறு அங்கத்துக்குப் பன்னிரண்டு நாக்கு. ஒவ்வொரு நாக்கும் ஒரு விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த பைக்குள் போகிறது. எனவே விளிம்பும் பன்னிரண்டு. ஒரு முனையில் மூன்று அங்கம் கூடும். கைவிரல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறது, மறக்காது.

இன்னொன்று. 9.9 செ.மீ. தாளில் செய்த பெட்டியின் விளிம்பு 3.5 செ.மீ. வரும். 15 செ.மீ. தாளில் 5.3 செ.மீ. வரும். தாளின் பக்கத்தை 2.83ஆல் வகுத்தால் பெட்டியின் விளிம்பு. இடைநிலைப் பள்ளிக்குப் போய் வர்க்கமூலம் படிக்கும்போது, இந்த 2.83 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரியும்.

தாளின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பெட்டி எத்தனை மடங்கு கொள்ளும்? இரண்டு மடங்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். செய்து பாருங்கள். 3.5 செ.மீ. பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 43 கன செ.மீ. 7 செ.மீ. பெட்டியின் கொள்ளளவு 343 கன செ.மீ. எட்டு மடங்கு! அரிசியைக் கொட்டி அளந்தே பார்த்துவிடலாம்.

“காயிதம் மடிக்கவா அனுப்பினோம்?”

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன். “டீச்சர், நாங்கதான் காலமெல்லாம் கையால உழைச்சே தேஞ்சு போனோம். எங்க புள்ளையாச்சும் பேனா புடிக்கட்டும்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறோம். நீங்க மறுபடியும் கைவேலையே சொல்லிக் குடுத்தா எப்படி?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்க அவருக்கு உரிமையும் இருக்கிறது. அதனால்தான் இந்த மேடையில் எல்லாருக்கும் பொதுவாகப் பதில் சொல்கிறேன்.

ஐயா, உங்கள் கை வெறுங்கை அல்ல. கித்தா மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகைச் சாய்வில் வெட்டு இறங்க வேண்டும். பட்டையைச் சீவ வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தைக் கத்தி தொடக் கூடாது. தொட்டால் மரம் புண்ணாகிவிடும். விளக்கு வெளிச்சத்தில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், அளவுகோல் இல்லாமல் அந்தச் சாய்வை வெட்டியது யார்? உங்கள் அப்பாவும் அம்மாவும். அது கோணக்கணிதம் இல்லாமல் வேறென்ன? கீழே உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தே செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று கணிக்கிறீர்கள். அது அறிவியல் இல்லாமல் வேறென்ன? உங்களுக்குத் தெரிந்திருந்தது, அதற்குப் பெயர் மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் இருக்கும் அறிவுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. பெயர் தெரிந்தால் பிள்ளை பரீட்சையில் எழுதும், வரைபடம் போடும், பொறியியலும் படிக்கும்.

ஜப்பானில் அகிரா யோஷிசாவா என்று ஒருவர் இருந்தார். 1911இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். பிறகு அங்கேயே வரைபட வேலைக்கு உயர்ந்து, இளம் தொழிலாளர்களுக்கு வடிவியல் சொல்லிக் கொடுக்கும் பொறுப்புக்கு வந்தார். எதை வைத்துச் சொல்லிக் கொடுத்தார் தெரியுமா? காகித மடிப்பை வைத்து! எந்த மடிப்பு உள்ளே, எந்த மடிப்பு வெளியே என்று புள்ளிக்கோடும் அம்புக்குறியும் போட்டு அவர் வகுத்த முறையைத்தான் இன்று உலகமெங்கும் மடிப்புப் புத்தகங்களில் பின்பற்றுகிறார்கள். 1983இல் ஜப்பானிய அரசு அவருக்கு உயரிய விருது கொடுத்துச் சிறப்பித்தது. 2005இல், தம் 94ஆம் பிறந்த நாளன்று மறைந்தார். அதே நாட்டு விஞ்ஞானி கோரியோ மியுரா கண்டுபிடித்த ஒரு மடிப்பு, 1995இல் விண்ணுக்கே போனது. விண்கலத்தின் சூரியத் தகட்டைச் சிறிதாக மடித்து அனுப்பி, அங்கே விரிப்பதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். கைவேலை எங்கே போய் நிற்கிறது, பார்த்தீர்களா?

ஐந்து பேர் செய்த பெட்டி

இனி, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஐந்தாம் ஆண்டில் நமக்கு ஆறே மாணவர்கள். ஆறு பேர், ஆறு அங்கம், ஒரு பெட்டி. ஆளுக்கு ஒன்று மடித்தால் வகுப்புக்கு ஒரு பெட்டி ஆகிவிடும் என்று ஒரு திங்கட்கிழமை தொடங்கினோம். அன்று ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். செவ்வாயும் ஐந்து. புதனும் ஐந்து.

வந்தவர்கள் தங்கள் ஐந்தையும் பூட்டி என் மேசைமேல் வைத்தார்கள். ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அந்தத் திறப்பில் இரண்டு நாக்கு போக இடமில்லாமல் நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு பை காலியாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. பெட்டியைத் தூக்கினால் தளர்ந்தது. ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், நானே இன்னொண்ணு மடிச்சு மூடிடட்டுமா?” நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: “வேணாம். அது அவனோட எடம்.”

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

அன்று மாலை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாயார் அப்போதுதான் வெளிக்காட்டு வேலை முடிந்து வந்திருந்தார். “டீச்சர், சின்னதுக்குக் காய்ச்சல். நான் வேலைக்குப் போகலேன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. இவன் இருந்தா கொஞ்சம் பாத்துக்குவான். மூணு நாள்தானே, படிப்பு என்ன ஓடியா போயிடும்?” என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. இந்த மேடையிலும் குறை சொல்லவில்லை. ஒரு நாள் சம்பளம் என்பது எவ்வளவு பெரியது என்று தோட்டத்தில் வேலை செய்கிற எனக்கும் தெரியும். ஆனால் என் கைப்பையில் இருந்த அந்த ஐந்து பேர் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டார். “இது உங்க பையனோட பக்கம்மா” என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “காய்ச்சப் புள்ளைய நான் பாத்துக்கறேன். பெரியவனைப் பள்ளிக்கூடம் அனுப்புடி” என்றார்.

வியாழக்கிழமை பையன் வந்தான். மடித்தான். முதல் முறை இடவலம் மாறிவிட்டது, சேரவில்லை. பக்கத்துப் பையன் தன் கையால் காட்டிக் கொடுத்தான். இரண்டாம் முறை சரியாக வந்தது. ஆறாவது அங்கம் உள்ளே போனதும், தளர்ந்து கிடந்த பெட்டி இறுகிக்கொண்டது. என் மேசையிலிருந்து கீழே தவறி விழுந்தும் பிரியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, நம்முடையது சிறிய பள்ளி. பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழும், வகுப்பு நடக்கும். இங்கே ஒரு பிள்ளை வராவிட்டால், வகுப்பில் ஆறில் ஒரு பங்கு இல்லை. அந்தப் பிள்ளையோடு ஜோடியாகப் படிக்கும் பிள்ளையின் படிப்பும் அன்று நின்றுபோகிறது.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், உதிரிப் பழம் பொறுக்கவும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். வேறு வழியே இல்லை என்ற நாளில், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு பாட்டி, ஓர் அத்தை, ஒரு பெரியம்மா இருப்பார், கேட்டுப் பார்ப்போம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஒரு வீட்டுக் கஷ்டம் அந்த ஒரு வீட்டுக்கே என்று விட்டுவிட்டால் தேர் நகராது.

இரண்டாவதாக, வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். “எனக்குப் படிக்கத் தெரியாது, நான் என்ன சொல்லிக் கொடுக்கிறது?” என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். இந்த மலரில் இருக்கும் ஏழு படிகளையும் பிள்ளை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் மடியுங்கள். தமிழ் வாசிப்பும் ஆயிற்று, கணக்கும் ஆயிற்று. உழைத்துக் காய்த்த கை எவ்வளவு நேராக மடிக்கும் என்று உங்கள் பிள்ளை பார்க்கட்டும். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு உங்கள்மேல் மதிப்புக் கூடும், படிப்பின்மேலும் கூடும்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்கள் சிலர்தான். வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பெட்டியில் முதல் அங்கம் எது, ஆறாவது அங்கம் எது என்று பூட்டி முடித்தபின் யாராலும் சொல்ல முடியாது. நேராக மடித்திருக்கிறதா, தன் இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கணக்கு. நீங்கள் நாளை பள்ளிக்கு வாருங்கள், மறுநாளும் வாருங்கள். உங்கள் இடத்தை நாங்கள் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

 வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!